ரேஸ் கார்ட்டின் முன் நோஸ் கிட்: வாங்கும்போது பார்க்க வேண்டியதும் பூட்டும் முறையும்

பந்தய கோ-கார்ட்டின் முன்பக்க பிளாஸ்டிக் மூடிதான் நோஸ்; அதை முன் பம்பரில் பூட்டும் பாகங்களின் தொகுப்புதான் மவுண்டிங் கிட். எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் பந்தயச் சம்மேளனம்) அங்கீகாரம் பெற்ற கிட் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். கர்ப் (ட்ராக் ஓரத் திட்டு) மேல் ஏறி இறங்கும்போது நோஸ் அசையாமல் இருக்க வேண்டும். முன்னால் போகும் கார்ட்டை இடித்தால் அதே நோஸ் பின்னால் நகர்ந்து கழன்றுகொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் இந்தப் பொருளை மதிப்பிட முடியும். கடையில் கையில் எடுத்து “நல்லா டைட்டா இருக்கா” என்று பார்த்து வாங்குபவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நல்ல தயாரிப்பாளரின் அசல் கிட், கொடுத்த காசுக்கு முழு மதிப்புள்ளது. ஒரு செட் ஸ்லிக் டயரைவிட இதன் விலை குறைவு. ஆனால் வளைந்த பம்பரில் மாட்டினால் எந்தப் பிராண்டும் சரியாக வேலை செய்யாது. கிட் சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி பம்பரில்தான் போய் முடிகிறது.

2014 வரை நோஸ் பம்பரோடு நிலையாகப் பூட்டப்பட்டிருந்தது. முன்னால் போகிறவரின் பின் பம்பரில் மூக்கை வைத்துத் தள்ளினாலும் தள்ளியவருக்கு எந்த இழப்பும் இல்லை. சர்வதேசப் போட்டிகளில் 2015 முதல் கழன்று விழும் நோஸ் கட்டாயமானது. பந்தயம் முடியும்போது நோஸ் தன் இடத்தில் இல்லையென்றால் நேரத் தண்டனை. தொடக்கத்தில் 10 விநாடியாக இருந்தது பிறகு 5 விநாடியாகக் குறைந்தது. 5 விநாடி கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். நெருக்கமான ஃபைனலில் அந்த 5 விநாடிக்குள் பத்து கார்ட்டுகள்கூடக் கோட்டைத் தாண்டிவிடும். நோஸ் நிலையைப் பார்த்துச் சொல்பவர்கள் அதற்கென நியமிக்கப்பட்ட நடுவர்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த பிறகு மேல்முறையீடு கிடையாது.

இந்தியாவில் ஓட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் போட்டியின் துணை விதிமுறை. கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பெங்களூரு மெக்கோ கார்ட்டோபியாவிலோ எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் விளையாட்டு அமைப்பு) அனுமதியோடு நடக்கும் போட்டி என்றால், எந்த வகுப்புக்கு எந்த பாடிவொர்க் (வெளிப்புற பிளாஸ்டிக் பாகங்கள்), எந்த மவுண்டிங் என்பது அதில் இருக்கும். கீழே வரும் அளவுகள் எஃப்.ஐ.ஏ. விதிப்படியானவை. துணை விதிமுறை வேறு சொன்னால் அதுதான் செல்லும்.

பெட்டியில் என்ன வருகிறது

நோஸின் பின்பக்கம் பூட்டும் பிளாஸ்டிக் பிராக்கெட், பம்பர் குழாயில் போய் உட்காரும் அரைவட்டப் பிடிகள், இழுத்துப் பூட்டும் கொக்கி கிளாம்ப் இரண்டு, போல்ட், வாஷர், நட். கேஜி, ஓடிகே மாதிரியான பாடிவொர்க் தயாரிப்பாளர்கள் தங்கள் நோஸுக்கேற்ற கிட்டைத் தனியாகவே விற்கிறார்கள். வாங்கும்போது பிளாஸ்டிக்கில் அச்சாகியிருக்கும் ஹோமோலோகேஷன் (அங்கீகார) குறியைத் தேடுங்கள். அது வார்ப்பிலேயே பதிந்திருக்க வேண்டும். ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

நகல் கிட்டுகள் தோற்றத்தில் அச்சு அசலாக இருக்கும். வித்தியாசம் மூன்று இடத்தில் தெரியும். முதலாவது கொக்கியின் கம்பி. மலிவான கிளாம்பில் கம்பி மெலிசாக இருக்கும். பலமுறை பூட்டித் திறந்த பிறகு நீண்டுவிடும். இரண்டாவது, கிளாம்பின் நெம்புகோல் சுழலும் ரிவெட். அதை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே ஆட்டம் இருந்தால் ஒரு வார இறுதிகூடத் தாங்காது. மூன்றாவது பிளாஸ்டிக்கின் தன்மை. நல்ல பிராக்கெட்டைக் கையால் முறுக்கினால் கொஞ்சம் வளைந்து திரும்பும். மட்டமான பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும், போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் வாஷருக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கழற்றிப் பார்க்காதவர் கண்ணில் படாது.

கிளாம்ப், பிராக்கெட், பிடி எல்லாம் உதிரியாகத் தனித்தனியே கிடைக்கிற கிட்டையே வாங்குங்கள். ஒரு கிளாம்ப் உடைந்ததற்காக முழு கிட்டும் வாங்க வைக்கும் தயாரிப்பு, எவ்வளவு நன்றாக இருந்தாலும், சீசன் முழுக்கப் பார்த்தால் கட்டுப்படியாகாது.

பம்பரிலிருந்து தொடங்குங்கள்

முன் பம்பர் என்பது மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எஃகுக் குழாய்கள், நடுவே அவற்றை இணைக்கும் வெல்டிங். சேசிஸில் (கார்ட்டின் அடிச்சட்டம்) நான்கு புள்ளிகளில் பிடிக்கிறது. கீழ்க் குழாய் 20 மி.மீ., மேல்குழாய் 16 மி.மீ. விட்டம். குழாயின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். எமரி பேப்பர் போட்ட தடம், அரத்தால் தேய்த்த கோடு, சொரசொரப்பான பெயிண்ட், சுற்றிய டேப் எதுவும் கூடாது. பிடி வழுக்காமல் இருப்பதற்காகச் செய்ததாகவே போட்டியின் தொழில்நுட்பப் பரிசோதகர் எடுத்துக்கொள்வார். துருவைத் தேய்த்து எடுத்த தடத்துக்கும் அதே கதிதான். துரு வந்துவிட்டால் பம்பரை மாற்றிவிடுங்கள். பழைய டேப்பின் பசை ஒட்டியிருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும்.

அடுத்து நேர்த்தன்மை. கார்ட்டை ஸ்டாண்டில் மட்டமாக வைத்து, மேல்குழாய்க்கும் கீழ்க்குழாய்க்கும் உள்ள இடைவெளியை இடது மூலையிலும் வலது மூலையிலும் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலே ஒரு பக்கக் கிளாம்ப் கஷ்டப்பட்டும் மறுபக்கக் கிளாம்ப் லேசாகவும் பூட்டும். அப்படிப் பூட்டிய நோஸ் லேசான பக்கத்தில்தான் கழலும். அதுவும் மோதல் இல்லாமலே, கர்ப் அதிர்வுக்கே கழலும். வளைந்த குழாயைப் பைப் சொருகி நிமிர்த்துவது வழக்கத்தில் இருக்கிறது. நிமிர்ந்தமாதிரி தெரியும், ஆனால் வெல்டிங் ஓரம் பலவீனமாகிவிடும். அடுத்த இடியில் அங்கேயே விடும்.

பம்பர் சேசிஸில் சேரும் போல்ட் துளைகளையும் பாருங்கள். துளை நீண்டு முட்டை வடிவமாகியிருந்தால் பம்பர் தலை சாயும், நோஸும் கூடவே சாயும். நோஸ் எந்த நிலையிலும் முன் சக்கரங்களின் உச்சியைத் தாண்டி உயரக்கூடாது என்ற விதி இருப்பதால் மேலே தூக்கியும் சமாளிக்க முடியாது.

பிராக்கெட்டும் கிளாம்பும்

பிராக்கெட்டை நோஸில் பூட்டும்போது அகலமான வாஷர் போட்டு நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, அதிர்வில் எளிதில் கழலாத நட்) பயன்படுத்துங்கள். வாஷர் பிளாஸ்டிக்கில் குழி விழ ஆரம்பித்தால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். திரவ வகை த்ரெட் லாக் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளில் அது பட்ட இடத்திலிருந்து விரிசல் தொடங்கும். போல்டின் முனை நட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காரணத்தை 27 மி.மீ. விஷயத்தில் சொல்கிறோம்.

கொக்கி கிளாம்பின் முனையில் மரை இருக்கும். அதைத் திருகித்தான் இறுக்கம் மாறுகிறது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை மரை உள்ளே போயிருப்பதுதான் ஆரம்ப நிலை. அங்கிருந்து அரைச் சுற்று அரைச் சுற்றாகக் கூட்டுங்கள். உள்ளங்கையால் அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் இறுக்கம் போதும். ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பினால்தான் பூட்டுகிறது என்றால் அது அதிக இறுக்கம். கொக்கிக் கம்பி நீளும், ரிவெட் தளரும், பிடியின் பிளாஸ்டிக் உதடு நசுங்கும். விரல் நுனியாலேயே திறந்துகொண்டால் அது போதாது.

நோஸை மாட்டும் வரிசையில் பலர் அவசரப்படுகிறார்கள். பிடிகள் கீழ்க் குழாயில் இரண்டு பக்கமும் முழுதாக உட்கார்ந்துவிட்டதா என்று முதலில் விரலால் தடவிப் பாருங்கள். பிறகு மேல்குழாய். அதன்பின் இரண்டு கொக்கிகளையும் மாட்டி, இரண்டு நெம்புகோல்களையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்துங்கள். ஒன்றை முழுதாகப் பூட்டிவிட்டு மற்றதற்கு வந்தால் நோஸ் கோணலாக நிற்கும். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் ஒரு பக்கப் பிடி குழாயில் பாதிதான் ஏறியிருக்கும். பூட்டிய பிறகு நோஸின் இரு முனைகளையும் மேலும் கீழும் ஆட்டுங்கள். முனை லேசாக நெளியும். குழாயில் கடகடவென்று சத்தம் வந்தால் கால் சுற்று கூட்டலாம். சரியான நிலை கிடைத்ததும் மரை நட்டின் மீது பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் அதிர்வில் திரும்பிவிட்டது என்று அடுத்த செஷனுக்கு முன் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

கோவையிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் மதிய வெயிலில் தார் கொதிக்கும். காலையில் கச்சிதமாக இருந்த பிளாஸ்டிக் மதியம் இளகும், அதே மரையில் பிடி லேசாகிவிடும். மதிய ஃபைனலுக்கு முன் கிளாம்பைத் திறந்து பூட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காலை வார்ம்-அப்பில் பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது.

27 மில்லிமீட்டர்

நோஸ் தடையில்லாமல் பின்னால் நகர வேண்டும் என்பதற்காக, பம்பரின் இரண்டு குழாய்களுக்கும் நோஸுக்கும் நடுவே சுற்றிலும் குறைந்தது 27 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ‘சுற்றிலும்’ என்பதைக் கவனியுங்கள். நடுவில் மட்டும் அளந்து 35 வருகிறது என்று திருப்தியடைபவர்கள் மூலையில் மாட்டிக்கொள்கிறார்கள். பலமுறை இடி வாங்கிய நோஸின் மூலைகள் உள்நோக்கி மடங்கியிருக்கும். அதோடு நீளமான போல்ட் முனையும் சேர்ந்தால் இடைவெளி 20க்குக்கூட இறங்கிவிடும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 27 மி.மீ. தடிமனுக்குச் சீவிய ஒரு மரக்கட்டையோ அலுமினியத் துண்டோ போதும். குழாயை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அங்கே பிரச்சினை. டூல் பாக்ஸிலேயே ஒரு கட்டையை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்.

இடைவெளி போதவில்லை என்பதற்காக நோஸை உள்பக்கம் சீவுவதோ வெட்டுவதோ கூடாது. பாடிவொர்க்கில் எந்த வெட்டும் அனுமதி இல்லை. மடங்கிப்போன நோஸைக் கழற்றிவிட்டு வேறு நோஸ் போடுவதே வழி.

பிரீ-கிரிட்டில்

எஃப்.ஐ.ஏ. முறையில் கார்ட் பிரீ-கிரிட்டுக்குள் (ட்ராக்கில் இறங்கும் முன் கார்ட்டுகள் வரிசையாக நிற்கும் இடம்) நோஸ் இல்லாமல் வர வேண்டும். அங்கே பரிசோதகர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக்கோ ஓட்டுநரோ நோஸை மாட்ட வேண்டும். இந்த ஏற்பாடு நல்லது. பம்பரில் டேப் சுற்றியிருந்தாலோ, பிடிக்குள் ஏதாவது சொருகியிருந்தாலோ, மணல் தூவியிருந்தாலோ அங்கேயே அகப்படும். கேபிள் டை போட்டு நோஸைப் பம்பரோடு கட்டுவது, பிளாஸ்டிக்கைச் சூடாக்கிப் பிடியின் வாயைக் குறுக்குவது, ஆப்பு வைப்பது எல்லாம் பேடாக்கில் (அணிகள் கார்ட்டைத் தயார்செய்யும் பகுதி) அவ்வப்போது காதில் விழும் யோசனைகள். செய்யவே செய்யாதீர்கள். 5 விநாடி தண்டனையிலிருந்து தப்பிக்கப் போய் தகுதிநீக்கத்தில் முடியும். அதைவிட முக்கியம், கழலாத நோஸ் இடியின் விசையை அப்படியே பம்பர் வழியாகச் சேசிஸின் முன்பகுதிக்குக் கொண்டுபோகும். வளைந்த சேசிஸின் விலைக்கு எத்தனையோ கிட் வாங்கலாம்.

பிரீ-கிரிட்டில் மாட்டப் பயிற்சி வேண்டும். கார்ட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு கிளாம்பையும் பார்க்காமலே பூட்டும் அளவுக்கு ஒர்க்‌ஷாப்பில் பழகியிருக்க வேண்டும். பக்கத்தில் மற்ற அணிகள் என்ஜின் கிளப்பத் தயாராகும்போது அவசரத்தில் பாதிப் பிடியோடு பூட்டிவிட்டுப் போகும் நோஸ் முதல் வளைவிலேயே தொங்கும்.

ஓட்டுநருக்குச் சொல்லி வைக்க வேண்டிய ஒன்று உண்டு. நோஸ் தொங்கிவிட்டது என்று தெரிந்ததும், கடைசிச் சுற்றிலோ செக்கர்டு கொடிக்குப் பிறகோ காலால் உதைத்தும், முன்னால் இருப்பவர்மேல் இடித்தும், கையை நீட்டி இழுத்தும் சரிசெய்ய முயன்றால் தகுதிநீக்கம். 5 விநாடியை ஏற்றுக்கொண்டு வந்துவிடுவதே மேல். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு உள்ளுணர்வாகக் கை அங்கேதான் போகும்.

எது எப்போது தேயும்

முதலில் போவது கொக்கிக் கம்பி, பிறகு அரைவட்டப் பிடியின் உதடு, கடைசியில்தான் பிராக்கெட். கிளாம்பை மாற்றுவதென்றால் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் மரை எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் இழுவிசை ஒன்றாக இருக்காது. பிடியின் உள்பக்கம் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் கிளாம்பை இறுக்கி ஈடுகட்ட முடியாது, பிடியை மாற்ற வேண்டும். பந்தய வார இறுதிக்குக் குறைந்தபட்ச உதிரி: ஒரு ஜோடி கிளாம்ப், பிடிகள் ஒரு செட், ஒரு பிராக்கெட், போல்ட் நட் வாஷர் ஆறு, நேரான பம்பர் ஒன்று. இதில் பம்பரை எடுத்துவர மறப்பவர்கள்தான் அதிகம்.

சைடு பாட், பின் பம்பர், முன் பேனல்

சைடு பாடுக்கு (பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி) தனி மவுண்டிங் கிட் இல்லை. பக்க பம்பர் குழாயில் உறுதியாகப் பூட்டியிருக்க வேண்டும் என்பதே விதியின் சாரம். கேபிள் டை மட்டும் போட்டுத் தொங்கவிடுவதை நல்ல பரிசோதகர் ஏற்கமாட்டார். ஏற்றாலும் முதல் உரசலில் அறுந்து சக்கரத்துக்குள் போகும். உலோகக் கிளாம்ப், ரப்பர் புஷ், அகல வாஷர், நைலாக் நட் என்ற சேர்க்கையே நிற்கிறது. இரண்டு பக்கப் பாடும் ஒரே செட்டாக இருக்க வேண்டும். இடதுக்கு ஒரு மாடல், வலதுக்கு வேறு மாடல் கூடாது. பாடிவொர்க்கின் எந்தப் பகுதியிலும் எடைக்கட்டியைப் பூட்டவும் கூடாது.

செட்டப் மாற்றும்போது இங்கேதான் விதி மீறப்படுகிறது, பெரும்பாலும் தெரியாமல். முன் சக்கரங்கள் நேராக இருக்கையில், முன் பின் சக்கரங்களின் வெளிப்புறத்தை இணைக்கும் தளத்தைச் சைடு பாட் தாண்டக்கூடாது. அந்தத் தளத்திலிருந்து 40 மி.மீ.க்கு மேல் உள்ளே போகவும் கூடாது. முன் ஹப்பில் (சக்கரம் பூட்டும் பாகம்) ஸ்பேசர் வளையம் சேர்த்து அகலத்தைக் கூட்டினால் அந்தத் தளமே நகர்கிறது. காலையில் சரியாக இருந்த பாட் மாலையில் உள்ளே போனதாகிவிடும். முன் சக்கரத்துக்கும் பாடுக்கும் அதிகபட்சம் 150 மி.மீ., பின் சக்கரத்துக்கும் பாடுக்கும் 60 மி.மீ., தரையிலிருந்து 25 முதல் 60 மி.மீ. வரை. ரைடு உயரம் மாற்றியதும் கடைசி அளவைக் கட்டாயம் பாருங்கள்.

பின் பம்பரின் அகலம் குறைந்தது 1340 மி.மீ., அதிகபட்சம் கார்ட்டின் பின் அகலம். பின் சக்கரத்துக்கும் பம்பருக்கும் நடுவே 15 முதல் 50 மி.மீ. குறைந்தது இரண்டு புள்ளிகளில் சேசிஸோடு பூட்டியிருக்க வேண்டும். பின் ட்ராக்கை (பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலம்) குறுக்கினால் பம்பரின் முனைகள் சக்கரத்தைத் தாண்டி நிற்கிறதா என்று நேர்க்கட்டை வைத்துப் பார்த்துவிடுங்கள். சேசிஸ் நெளிவு வேண்டும் என்று பின் பம்பர் போல்ட்டைத் தளர்த்துபவர்கள் உண்டு. பிடிப்பில் வித்தியாசம் தெரிவது உண்மைதான். ஆனால் நைலாக் நட் முழுதாக மரையில் இருக்கும்வரைதான் அந்த விளையாட்டு. தளர்ந்த பம்பர் ஒரு பக்கம் கீழே இறங்கினால் 25 மி.மீ. தரை இடைவெளி போய்விடும், எடை மேடைப் பக்கத்தில் நிற்கும் பரிசோதகர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

முன் பேனல் (ஸ்டியரிங்குக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் பலகை) கீழே சேசிஸிலும், மேலே தனிக் கம்பி வழியாக ஸ்டியரிங் காலம் சப்போர்ட்டிலும் பிடித்திருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்கும் பேனலுக்கும் நடுவே குறைந்தது 50 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். உயரமான ஓட்டுநருக்காக ஸ்டியரிங்கை மேலே ஏற்றியவர்கள் கம்பியின் துளையையும் அதற்கேற்ப மாற்றிப் பூட்ட வேண்டும்.